உயிர்க்கரி போட்ட பிறகும் கன உலோகம் அடங்காவிட்டால்: அறிகுறி வாரியாகச் சரிசெய்யும் வழி

பழுப்பு நிலக்கரியை எடுக்க, அதன் மேல் கிடக்கும் மண்ணையும் கடலூர் மணற்பாறையையும் வெட்டி மலைபோலக் குவிப்பதை நெய்வேலிப் பக்கம் போனவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். ஆழத்தில் காற்றும் மழையும் படாமல் கிடந்த மண் மேலே வந்ததும் வேதிமாற்றம் தொடங்கும். கந்தகம் கலந்த கனிமம் அதில் இருந்தால் அமிலம் ஊறும், அமிலத்தோடு உலோகமும் கரையும். எரித்த நிலக்கரியின் சாம்பலிலும் ஆர்சனிக், ஈயம், காட்மியம், பாதரசம் போன்றவை சிறு அளவில் தங்கும். சுரங்கம் உள்ள எந்த நாட்டுக்கும் இது பொருந்தும். உங்கள் வயலில் அப்படி நடந்திருக்கிறதா என்பதை மட்டும் பரிசோதனை அறிக்கையை வைத்தே முடிவு செய்யுங்கள், பக்கத்து வயல்காரர் சொன்னார் என்று முடிவு செய்யாதீர்கள்.

உயிர்க்கரி, பலரும் பயோசார் என்று சொல்வது, காற்று குறைவான சூட்டில் சுட்ட கரி. சுமார் 350 முதல் 700 டிகிரி செல்சியஸ் வரை சுட்டு எடுப்பார்கள். அது உலோகத்தை அழிக்காது, மண்ணை விட்டு வெளியேற்றவும் செய்யாது. வேருக்கு எட்டாமல் பிடித்து வைப்பதுதான் அதன் வேலை. கரியின் மேற்பரப்பில் எதிர்மின்னேற்றம் அதிகம் என்பதால் நேர்மின்னேற்றம் உள்ள ஈயம், காட்மியம், துத்தநாகம், நிக்கல் ஆகியவை வந்து ஒட்டும். கரியோடு வரும் சாம்பல் மண்ணின் பி.எச். அளவை (அமில, கார நிலையைக் காட்டும் எண்ணை) ஏற்றுவதால் அந்த உலோகங்கள் கார்பனேட்டாகவும் பாஸ்பேட்டாகவும் படிந்து கரையாமல் நிற்கும். கீழே வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை, இந்த இரண்டில் ஒன்று நாம் நினைத்தபடி நடக்காததால் வருபவை. அதனால் எந்த அறிகுறி தெரிந்தாலும் முதலில் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். என் மண்ணில் இருப்பது எந்த உலோகம்? இப்போது பி.எச். எவ்வளவு?

அறிகுறி: கரி போட்டு ஒரு போகம் முடிந்தும் அறிக்கையில் எண் குறையவே இல்லை

பதறுவதற்கு முன்னால் அறிக்கையில் எந்த அளவைப் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். மண்ணை வலுவான அமிலத்தில் கரைத்து எடுப்பது மொத்த அளவு. கரி எத்தனை டன் போட்டாலும் அந்த எண் அசையாது, அசையவும் கூடாது. நமக்கு வேண்டியது செடிக்குக் கிடைக்கும் அளவு. அதை டி.டி.பி.ஏ. என்ற, உலோகத்தைப் பிடித்து எடுக்கும் வேதிப்பொருளின் கரைசலிலோ நீர்த்த கால்சியம் குளோரைடு கரைசலிலோ எடுப்பார்கள். கரி போடுவதற்கு முன்னும் பின்னும் ஒரே முறையில் எடுத்தால்தான் ஒப்பிட முடியும். வழக்கமான மண்வள அட்டை தழை, மணி, சாம்பல் சத்துகளையும் துத்தநாகம், இரும்பு போன்ற நுண்ணூட்டங்களையும் சொல்லும், நச்சு உலோகங்களைச் சொல்லாது. ஈயமும் காட்மியமும் வேண்டுமென்றால் அதைத் தனியாகக் கேட்க வேண்டும்.

மாதிரி எடுத்த விதத்தையும் யோசியுங்கள். துத்தநாகப் பூச்சு போட்ட கரண்டி, பெயின்ட் அடித்த மண்வெட்டி, பித்தளைப் பாத்திரம் எல்லாம் தங்கள் உலோகத்தை மண்ணில் சேர்த்துவிடும். மரக்குச்சியோ பிளாஸ்டிக் கரண்டியோ போதும். 15 செ.மீ. ஆழத்துக்கு V வடிவக் குழி வெட்டி, வயலின் பல இடங்களிலிருந்து எடுத்துக் கலந்து, கால்பங்கீட்டு முறையில் (பரப்பி நான்காகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பங்கைத் தள்ளி, மீதியைத் திரும்பக் கலந்து) அரைக் கிலோவாகக் குறைத்துக் கொடுங்கள். வாய்க்கால் மடை, வரப்போரம், பழைய எருக்குழி இருந்த இடம் ஆகியவற்றை இதில் சேர்க்க வேண்டாம். வாய்க்கால் மடையை மட்டும் தனி மாதிரியாக எடுங்கள். உலோகம் தண்ணீரோடு வந்திருந்தால் வண்டல் முதலில் படியும் இடம் அதுதான்.

கிடைக்கும் அளவும் குறையவில்லை என்றால் போட்ட கரி போதவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு சென்ட் நிலத்தில் 15 செ.மீ. ஆழம் வரையுள்ள மண் ஏறக்குறைய 9 டன். ஆய்வுகளில் பெரும்பாலும் 1 முதல் 5 சதவீதம் வரை போட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஒரு சதவீதம் என்றாலே சென்ட்டுக்கு 90 கிலோ, ஏக்கருக்கு 9 டன். காய்ந்த விறகின் எடையில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குதான் கரியாக மிஞ்சும் என்பதால், ஏக்கருக்கு ஒரு சதவீதம் போடவே முப்பது டன் அளவுக்கு விறகு தேவை. இரண்டு மூட்டை தூவிவிட்டுப் பலனை எதிர்பார்ப்பது வீண். என் யோசனை, முழு ஏக்கரையும் எடுத்துக்கொள்ளாமல் கீரைப் பாத்தி, வாய்க்கால் மடை, வீட்டுத் தோட்டம் என்று ஆபத்து அதிகமுள்ள சில சென்ட் நிலத்தில் சரியான அளவு போடுவது. பிள்ளைகள் தின்பது அங்கே விளைவதைத்தான்.

அறிகுறி: ஈயம் இறங்கியது, ஆர்சனிக் ஏறிவிட்டது

பலரைக் குழப்புவது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஆர்சனிக் மண்ணில் பெரும்பாலும் ஆர்சனேட் என்ற எதிர்மின்னேற்றம் கொண்ட வடிவில் இரும்பு ஆக்சைடுகளில் ஒட்டியிருக்கும். பண்ருட்டி, நெய்வேலி பக்கத்துச் செம்புறை மண்ணில் இரும்பு நிறைய உண்டு, அது இயற்கையாகவே ஒரு காவல். அங்கே கரி போட்டு பி.எச். ஏறும்போது இரும்பின் பிடி தளர்ந்து ஆர்சனேட் கழன்றுவிடும். எருவிலிருந்து செய்த கரியில் பாஸ்பேட் அதிகம். அது ஈயத்தைக் கட்டிப்போடும், ஆனால் ஆர்சனிக் இருந்த இடத்தில் தான் போய் உட்கார்ந்து அதைத் தள்ளிவிடும். கரியின் எதிர்மின்னேற்ற மேற்பரப்பும் ஆர்சனேட்டை ஏற்காது. ஈயத்துக்கு மருந்தாக இருக்கும் ஒவ்வொன்றும் ஆர்சனிக்குக் கதவைத் திறந்துவிடுகிறது.

அறிக்கையில் இப்படித் தெரிந்தால் மேற்கொண்டு கரி போடுவதை உடனே நிறுத்துங்கள். சுண்ணாம்பையும் நிறுத்துங்கள். அடுத்து இரும்பைச் சேர்க்க வேண்டும். கடையில் கிடைக்கும் அன்னபேதியை (இரும்பு சல்பேட்) தண்ணீரில் கரைத்து, கரியை அதில் ஊறவைத்து உலர்த்தினால் கரியின் மேல் இரும்பு படியும். ஆர்சனிக் ஒட்ட ஒரு மேற்பரப்பு கிடைக்கும். ஆனால் அன்னபேதி அமிலத்தன்மை உள்ளது. அளவு மீறினால் பி.எச். இறங்கி, அடங்கியிருந்த காட்மியம் மறுபடி எழும். அதனால் ஒரு பாத்தியில் மட்டும் போட்டு, பி.எச். 6.5-ஐ ஒட்டி நிற்கிறதா, இரண்டு உலோகமும் என்ன ஆகின்றன என்று பார்த்த பிறகு பரப்புங்கள். விருத்தாசலத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது, சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் புலம் இருக்கிறது. இந்தக் கட்டத்தில் அறிக்கையோடு போய் அவர்களைக் கேட்பது நல்லது.

குரோமியத்தின் ஆறிணைதிறன் வடிவமும் எதிர்மின்னேற்றம் கொண்டதுதான். அமில மண்ணில் கரி அதை நச்சு குறைந்த மூவிணைதிறன் வடிவமாக மாற்ற உதவும், கார மண்ணில் அந்த மாற்றம் மந்தம். பாதரசம் முற்றிலும் வேறு விஷயம். தண்ணீர் தேங்கிய மண்ணில் அதை நுண்ணுயிரிகள் மெத்தில் பாதரசமாக மாற்றும், அது மீனுக்குப் போய் நம் தட்டுக்கு வரும். அறிக்கையில் பாதரசம் வரம்பைத் தாண்டியிருந்தால் கரி போட்டுச் சரிசெய்ய முயலாதீர்கள். அது வீட்டளவில் தீரும் வேலை அன்று.

அறிகுறி: மண் அறிக்கை நன்றாக இருக்கிறது, நெல்மணியில் காட்மியம் இருக்கிறது

நெல்லில் கரியைவிடத் தண்ணீர் நிர்வாகம்தான் பெரிய விஷயம். வயலில் தண்ணீர் நிற்கும்போது மண்ணில் பிராணவாயு தீர்ந்துபோய், காட்மியம் சல்பைடாக மாறி அடங்கும். தண்ணீரை வடித்து மண் காய்ந்ததும் அந்தச் சல்பைடு உடைந்து காட்மியம் வெளியே வரும். கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் வயல் காய்ந்தால் அது நேராக மணிக்குப் போகும். மண் மாதிரியை நீங்கள் எப்போது எடுத்தீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். தண்ணீர் நின்ற வயலின் எண்ணும் காய்ந்த வயலின் எண்ணும் வேறு வேறாக இருக்கும்.

ஜப்பானில் கமியோகா சுரங்கத்தின் கழிவு ஜின்சு ஆற்றில் கலந்து தொயாமா பகுதி நெல்வயல்களுக்குப் போனது. அரிசி வழியாக உடலில் சேர்ந்த காட்மியம் சிறுநீரகத்தையும் எலும்பையும் அரித்தது. வலியில் அலறியவர்களின் குரலையே அந்த நோய்க்கு இதாய்-இதாய் என்று பெயராக வைத்தார்கள். சுரங்க மாசுதான் காரணம் என்று 1968-இல் அரசு ஏற்றுக்கொண்டது. வயல்களின் மேல்மண்ணை மாற்றிச் சீர்செய்யும் வேலை 2012 வரை நீண்டது. அந்த நாட்டில் இன்றும் காட்மியம் உள்ள வயல்களில் கதிர் வருவதற்கு மூன்று வாரம் முன்பிருந்து மூன்று வாரம் பின்பு வரை தண்ணீரை வடிக்காமல் நிறுத்தும் வழக்கம் இருக்கிறது. சம்பாவில் இதை இங்கும் செய்யலாம். அந்தச் சமயத்தில் வடகிழக்குப் பருவமழையும் துணைக்கு வரும்.

ஆனால் அதே வயலில் ஆர்சனிக்கும் இருந்தால் நிலைமை தலைகீழ். தண்ணீர் நிற்க நிற்க இரும்பு ஆக்சைடு கரையும், ஆர்சனிக் விடுபடும். ஆர்சனிக்குக் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டுவது நல்லது, காட்மியத்துக்கு அது கெடுதல். இரண்டும் உள்ள வயலில் நெல்லையே சில போகங்களுக்கு விட்டுவிட்டு, சவுக்கு போன்ற உண்ணாத பயிருக்கு மாறுங்கள் என்றுதான் நான் சொல்வேன். சவுக்கு நம் கடலோர மண்ணுக்குப் புதிதல்ல. வருமானத்துக்குக் காத்திருக்க வேண்டும் என்பது உண்மைதான். ஆனாலும் இரண்டு நச்சுக்கு நடுவே தண்ணீரை ஏற்றி இறக்கித் தடுமாறுவதை விட அது மேல்.

பாலிஷ் செய்த அரிசிக்குக் கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர அமைப்பு வைத்துள்ள காட்மிய வரம்பு கிலோவுக்கு 0.4 மில்லிகிராம், கனிம ஆர்சனிக்குக்கு 0.2 மில்லிகிராம். மணியை நேரடியாகச் சோதித்தால் இந்த எண்களோடு ஒப்பிடுங்கள். துத்தநாகக் குறையுள்ள மண்ணில் செடி காட்மியத்தைக் கூடுதலாக இழுக்கும் என்பதால், ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட் என்ற வழக்கமான பரிந்துரையைத் தவறவிடாதீர்கள்.

அறிகுறி: கீரையில் ஈயம் குறையவில்லை

ஈயம் வேரிலிருந்து இலைக்கு அதிகம் ஏறாது. கீரையில் காணும் ஈயத்தில் பெரும்பகுதி மேலே படிந்த புழுதியும் மழைத்துளி தெறித்த மண்ணும்தான். லாரிகள் ஓடும் சாலையோரப் பாத்தியில் எத்தனை கரி போட்டாலும் இது தீராது. பாத்திக்கு வைக்கோல் அல்லது கரும்புச் சோகை மூடாக்கு போடுங்கள், ஓரத்தில் உயிர்வேலி வையுங்கள், பறித்த கீரையை மூன்று நான்கு தண்ணீரில் அலசுங்கள். முளைக்கீரைக் குடும்பம் காட்மியத்தை இழுக்கக் கூடியது. காட்மியம் தெரிந்த நிலத்தில் கீரையை விட்டு அவரை, வெண்டை போன்ற காய்க்கும் பயிருக்கு மாறுவது பாதுகாப்பு.

அறிகுறி: நாற்று மஞ்சளடிக்கிறது, வளர்ச்சி நின்றுவிட்டது

உலோகத்தின் மேல் பழி போடுமுன் இலையைப் பாருங்கள். புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புக் குறை, பி.எச். மிஞ்சியதன் அடையாளம். ஒரு சதவீத அன்னபேதிக் கரைசலைத் தெளிக்கலாம் (ஆர்சனிக் இருக்கும் நிலத்திலும் இலைவழித் தெளிப்பால் பாதகமில்லை). அடியிலைகள் ஒரே சீராக வெளுத்தால் தழைச்சத்து போதவில்லை, புதுக்கரி அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். நெல்லில் அடியிலைகளில் துருப்பிடித்த மாதிரி பழுப்புப் புள்ளி இருந்தால் துத்தநாகக் குறை. அதற்கு 0.5 சதவீத துத்தநாக சல்பேட்டோடு 1 சதவீத யூரியா கலந்து தெளிக்கலாம். அடுத்த முறை கரியைச் சம அளவு மக்கிய தொழுவுரத்தோடு கலந்து, ஈரமாக நிழலில் மூன்று நான்கு வாரம் வைத்திருந்து போடுங்கள்.

இலை நுனி கருகினால் உப்பு. வைக்கோல் கரி, தென்னை மட்டைக் கரி இவற்றில் சாம்பல் உப்பு அதிகம். போடுமுன் ஒன்றிரண்டு முறை நல்ல தண்ணீரில் அலசி வடித்துவிட்டால் சரியாகும்.

அறிகுறி: கரியில் தார் வாடை, கை பிசுபிசுக்கிறது

அந்தக் கரி அரைவேக்காடு. நல்ல கரியைக் கையில் தேய்த்தால் வெறும் தண்ணீரில் கழுவினாலே போய்விடும். சோப்பு போட்டும் போகாமல் எண்ணெய்ப்பசை நின்றால் தார் இருக்கிறது, புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பல்வளைய ஹைட்ரோகார்பன்களும் இருக்கலாம். உலோகத்தை அடக்கப் போய் வேறொரு நச்சைச் சேர்க்க வேண்டாம், மறுபடி சுடுங்கள்.

நம் பக்கம் மலிவாகக் கிடைப்பது சவுக்கு மிலார், மல்லாட்டைத் தோல், உமி, கரும்புச் சக்கை, முந்திரித் தோடு. முதல் நான்கும் நல்லவை. பண்ருட்டி ஆலைகளில் கிடைக்கும் முந்திரித் தோட்டில் தோலைப் பொத்துப்போக வைக்கும் எண்ணெய் இருக்கிறது. எண்ணெய் பிழிந்த சக்கையாக இருந்தால் மட்டும், அதையும் நன்றாகச் சூடேற்றிச் சுட முடிந்தால் மட்டும் எடுங்கள். பழைய கரிமூட்டத்தில் சூடு ஒரே சீராக இருக்காது, நடுவில் வெந்து ஓரத்தில் வேகாமல் நிற்கும். உலோக வேலைக்கு டிரம் அடுப்பு அல்லது கூம்புக் குழி மேல். பெயின்ட் அடித்த பலகை, இரசாயனம் ஏற்றிய மரம் கூடவே கூடாது. மாசுள்ள சுரங்க மேட்டில் வளர்ந்த மரமும் வேண்டாம், அதில் ஏறியிருக்கும் உலோகம் கரியில் செறிவாகத் தங்கும்.

சுட்ட கரியைத் தண்ணீர் ஊற்றி முழுக்க அணைக்காமல் சாக்கில் கட்டாதீர்கள். உள்ளே கனன்று பல மணி நேரம் கழித்துப் பற்றிக்கொள்ளும். காய்ந்த தூளை அள்ளும்போது முகமூடி அவசியம், உமிக்கரியில் சிலிக்கா இருக்கிறது.

அறிகுறி: ஒரு மழையில் கரி வரப்போரம் ஒதுங்கிவிட்டது

கரி மிதக்கும். ஐப்பசி மழைக்கு முன் மேலாகத் தூவினால் வாய்க்காலுக்குப் போகும், பிடித்த உலோகத்தோடு போனால் இன்னும் மோசம். சித்திரை வைகாசியில், ஈரப்படுத்திய கரியைப் போட்டு அன்றே 15 செ.மீ. ஆழத்துக்கு உழுது மூடிவிடுங்கள். சரிவில் வரப்பை உயர்த்துங்கள்.

அறிகுறி: பி.எச். ஏறி, சில மாதத்தில் திரும்ப இறங்கிவிட்டது

மண்ணில் கந்தகக் கனிமம் இன்னும் அமிலம் கக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். சுரங்க மேட்டு மண்ணைக் கொட்டி மேடாக்கிய இடங்களில் இது நடக்கலாம். கரியின் காரத்தன்மை அதற்கு ஈடுகொடுக்காது. சுண்ணாம்புதான் பாரத்தைத் தாங்க வேண்டும், கரி துணை மட்டும். எவ்வளவு சுண்ணாம்பு என்பதை ஆய்வகத்தில் கேட்டு வாங்குங்கள். கிளிஞ்சல் சுண்ணாம்பு கிடைத்தால் அதுவே போதும். அம்மோனியம் சல்பேட் உரத்தைத் தொடர்ந்து போட்டாலும் மண் மெல்ல அமிலமாகும், அதையும் மாற்றிக்கொள்ளுங்கள்.

பி.எச். அப்படியே நிற்கிறது, ஆனாலும் காட்மியம் ஏறுகிறது என்றால் பாசன நீரின் உப்பைச் சோதியுங்கள். குளோரைடு காட்மியத்தோடு இணைந்து அதை நீரில் கரைந்த வடிவில் வைத்துக்கொள்ளும், கரியில் ஒட்ட விடாது. கடலோரத்தில் ஆழ்துளைக் கிணற்று நீர் உவர்ப்பாக மாறிய ஊர்களில் இதை மறக்கக் கூடாது. பொட்டாஷுக்குக் குளோரைடு உள்ள மியூரேட்டுக்குப் பதில் சல்பேட் வடிவ உரம் போடுவதும் உதவும்.

அறிகுறி: கரி வடிகட்டியில் கோளாறு

வாய்க்கால் தண்ணீரைக் கரித் தொட்டியில் வடித்துப் பாய்ச்சுபவர்களுக்கு இது. வெளியே வரும் நீர் கறுப்பாக இருந்தால் தூள் கரி. 1 முதல் 4 மி.மீ. வரை சலித்து அலசிப் போடுங்கள். ஓட்டம் நின்றுபோய் மேலே செம்மண் நிறப் பசை படிந்திருந்தால் இரும்பு அடைத்திருக்கிறது. தொட்டிக்கு முன்னால் நீர் காற்றோடு கலந்து தெளிய ஒரு சின்னக் குட்டை வேண்டும். ஓட்டம் தாராளமாக இருந்தும் உலோகம் குறையாவிட்டால், நீர் கரிக்குள் ஊறாமல் ஒரு ஓரமாக வழி போட்டுக்கொண்டு ஓடுகிறது. கரியைக் கிளறி, அடியிலிருந்து மேலே ஏறும்படி குழாயை மாற்றினால் சரியாகும். நன்றாக வடித்துக்கொண்டிருந்தது திடீரென்று கைவிட்டால் கரி நிறைந்துவிட்டது. கண்ணுக்கு எதுவும் தெரியாது என்பதால், வெளிவாய் நீரை இடைவெளி விட்டுச் சோதிப்பதைத் தவிர வேறு வழியில்லை. மாதிரிக்கு ஆய்வகம் தரும் அமிலமிட்ட பிளாஸ்டிக் பாட்டிலையே பயன்படுத்துங்கள்.

குடிநீருக்கு இந்தத் தொட்டியை நம்பாதீர்கள். இந்தியத் தரப்படி குடிநீரில் ஈயம் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமையும் காட்மியம் 0.003 மில்லிகிராமையும் தாண்டக் கூடாது. வீட்டில் செய்த கரித் தொட்டியால் இதற்கு உறுதி சொல்ல முடியாது.

நிறைந்த கரியை வயலில் கொட்டக் கூடாது, எருக்குழியிலும் போடக் கூடாது, அடுப்பில் எரிக்கவே கூடாது. எரித்தால் காட்மியமும் பாதரசமும் புகையோடு வெளியேறும், மற்றவை சாம்பலில் செறியும். மூடியுள்ள பிளாஸ்டிக் டிரம்மில் ஈரமாக அடைத்து, மேலே என்ன கரி, எந்தத் தேதியில் எடுத்தது என்று எழுதி, பிள்ளைகளும் ஆடுமாடுகளும் நெருங்காத இடத்தில் வையுங்கள். 2016-ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகள் உலோகம் ஏறிய கழிவைக் கையாள வழி சொல்கின்றன. கடலூரில் உள்ள மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்தில், புதுச்சேரி என்றால் அங்குள்ள மாசுக் கட்டுப்பாட்டுக் குழுமத்தில், எடையையும் கடைசிப் பரிசோதனை அறிக்கையையும் காட்டி, எங்கே ஒப்படைக்க வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். தொட்டி கட்டுவதற்கு முன்பே இதைக் கேட்டு வைத்துக்கொண்டால் டிரம்கள் கொல்லையில் சேராது.